வகைக்குறியும் கலைச்சொல்லும்: அருங்காட்சியகத் தரவுத்தளங்களில் உருக்குறிப் பயன்பாடு – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்புகளைக் கணிப்பொறியில் பதியத் தொடங்கிய பின்னர்க் கலைச்சொல்லாக்கம் புதியதொரு பயன்பாட்டுக் களத்தைப் பெற்றுள்ளது. ஒரு பொருளின் பெயர், அது செய்யப்பட்ட மூலப்பொருள், செய்முறை, பாணி, காலம், இடம் ஆகியவற்றைப் பதிவாளர் தம் விருப்பம்போல் எழுதுவதில்லை. முன்னரே தொகுத்து வைக்கப்பட்ட சொற்பட்டியலிலிருந்து தெரிவு செய்கிறார். பட்டியல் பெருகப் பெருக, ஒரு சொல் எவ்வகையைச் சார்ந்தது என்பதைக் கண்டவுடன் உணர்த்தும் பொருட்டு அதன் முன் சிறு படம் ஒன்றை இடும் வழக்கம் தோன்றியுள்ளது. கணினித் துறையில் ஐகான் எனப்படும் இப்படம் ஈண்டு உருக்குறி எனப்படும். சேகரிப்பு மேலாண்மைக்குரிய திறமூல மென்பொருள்களுள் ஒன்றான கலெக்டிவ் ஆக்சஸ், சொற்பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் நிறுவனம் தானே தெரிவு செய்த உருக்குறியை இணைக்க இடம் தருகிறது.

இந்தியாவில் இத்துறையில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்க நகரம் புனே ஆகும். 1988இல் அந்நகரில் நிறுவப்பட்ட சி-டாக் எனும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையம் ‘ஜதன்’ எனும் அருங்காட்சியக மென்பொருளை உருவாக்கியது. நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் முதற்கட்டமாக 10 அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை ஒருங்கே காட்டும் தேசிய இணையவாயில் இம்மென்பொருளின் துணைகொண்டு 2014இல் தொடங்கப்பெற்றது. மராத்தியில் ‘ஜதன்’ என்பது பேணிக் காத்தலைக் குறிக்கும். யத்ன எனும் வடசொல்லின் வழிவந்த இது, தமிழில் யத்தனம், எத்தனம் என வழங்கும் சொல்லுக்கு உறவானது. தமிழில் முயற்சியைச் சுட்டுவது மராத்தியில் பேணுதலைச் சுட்டுகிறது. ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள்கூட மொழிக்கு மொழி பொருள் வேறுபடும் நாட்டில், பல மொழிச் சேகரிப்புகளை ஒரே தளத்தில் தொகுப்பதன் கடுமைக்கு இப்பெயரே சான்றாகும்.

உருக்குறி இடுதல் திரை அழகு பற்றியதொரு சிறு செய்தியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயின் ஒரு சொல்லின் முன் வகைக்குறி இடுவது அச்சொல்லின் பொருண்மை பற்றிய ஒரு முடிவைக் கூறுவதாகும். அம்முடிவு எங்கே எழுதப்படுகிறது, சொல் இடம்பெயரும்போது அதுவும் உடன்செல்கிறதா என்பதே மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய வினா. சொல்லோடு செல்லும் குறி எழுத்தின் பகுதி. திரையோடு நின்றுவிடும் குறி அணியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. எந்த ஒரு மென்பொருளையும் குறைகூறுவது இதன் நோக்கமன்று.

1. குறி வேண்டப்படும் இடம்

வகைக்குறியின் தேவை கற்பனையானதன்று. தமிழ்க் கலைச்சொற்களில் வகை மயக்கம் மிகுதி. ‘வார்ப்பு’ என்பது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும் தொழிலையும் அதனால் விளைந்த பொருளையும் குறிக்கும். ‘ஓலை’ மூலப்பொருளாகவும் மடலாகவும் ஆவணமாகவும் நிற்கும். ‘பட்டு’ இழையையும் துணியையும் குறிக்கும். ‘முத்திரை’ பதிக்கும் கருவி, பதிந்த அடையாளம், ஆடலில் கைகாட்டும் நிலை ஆகிய மூன்றையும் சுட்டும். ‘சோழர்’ என்பது ஓர் அரச மரபு, அம்மரபின் காலம், அக்காலத்துக் கலைப்பாணி. ‘தஞ்சாவூர்’ ஓர் ஊர்; ஓவிய நடை ஒன்றின் பெயரும் அதுவே.

இம்மயக்கங்கள் தற்செயலானவை அல்ல. தமிழிலக்கணம் இவற்றை ஆகுபெயர் எனும் தலைப்பில் முறைப்படுத்தியுள்ளது. வார்ப்பு தொழிலாகுபெயர், தஞ்சாவூர் இடவாகுபெயர். ஒரு வகைக்குரிய பெயர் தொடர்புடைய வேறு வகைக்கு ஆகிவருதல் மொழியின் இயல்பான ஆற்றல். உரையாடலில் சூழல் பொருளைத் தெளிவிக்கும். சொற்பட்டியலிலோ சூழல் இல்லை. அங்குச் சொல் தனித்து நிற்கிறது. அருங்காட்சியகப் பதிவில் ‘வார்ப்பு’ எனும் சொல்லைச் செய்முறைக்குரிய புலத்தில் இடுவதா பொருட்பெயருக்குரிய புலத்தில் இடுவதா எனப் பதிவாளர் தயங்குவது இதனால்தான். தவறாக இடப்பட்ட சொல் தேடுவார்க்கு அகப்படுவதில்லை. அகப்படாத பொருள் சேகரிப்பில் இருந்தும் இல்லாததாகிறது.

உலக அளவில் இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படும் கெட்டி நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் 1990இல் முதன்முதலாக அச்சில் வெளிவந்தது. அது சொற்களை முகங்கள் எனப்படும் பெரும்பிரிவுகளில் அடக்குகிறது: தொடர்புறு கருத்துகள், புறப்பண்புகள், பாணிகளும் காலங்களும், செய்வோர், செயல்கள், மூலப்பொருள்கள், பொருள்கள் என்பன அவை, வணிகப் பெயர்களுக்கான முகம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஒரே வடிவுடைய சொற்களை வேறுபடுத்த அக்களஞ்சியம் பிறைவளைவுக்குள் விளக்க அடையினைச் சொல்லாலேயே எழுதுகிறது. சொற்களை ஒழுங்குபடுத்துவதற்கு மட்டும் பயன்படும் வழிகாட்டுத் தலைப்புகளைக் கோணக்குறிக்குள் இடுகிறது. இவ்விரண்டும் அச்சுக் காலத்து உத்திகள். ஆயினும் ஒரு சொல்லைப் படியெடுப்பவர் அவற்றையும் சேர்த்தே படியெடுக்க இயலும் என்பது கருதத்தக்கது.

2. உருக்குறி எனும் பெயரின் பொருத்தம்

குறியியலின் முன்னோடியான சார்லஸ் பியர்சு (1839–1914) குறிகளை மூவகைப்படுத்தினார். சுட்டப்படுவதோடு ஒப்புமை உடையது உருக்குறி; புகை நெருப்பைக் காட்டுவதுபோல் உண்மைத் தொடர்பால் உணர்த்துவது சுட்டுக்குறி; வழக்கத்தால் மட்டும் பொருள் பெறுவது மரபுக்குறி. இவ்வளவைகொண்டு நோக்கின், தரவுத்தளத் திரையில் உருக்குறி என வழங்குவன பல உண்மையில் உருக்குறிகள் அல்ல. விளக்கு ஒன்றினை வரைந்து காட்டலாம். அஃது ஒப்புமையால் விளக்கை உணர்த்தும். ஆயின் ‘பொருட்பெயர்’ எனும் வகைக்கு உருவம் யாது? ‘செய்முறை’, ‘பாணி’ என்பனவற்றுக்கு உருவம் யாது? செய்முறைக்குச் சுத்தியலையும் பாணிக்குத் தூணின் தலைப்பகுதியையும் வரைந்தால், அவை வகையைக் காட்டுவதில்லை. வகையில் அடங்கிய ஏதோ ஓர் உறுப்பினைக் காட்டி மற்றவற்றை ஊகிக்கச் செய்கின்றன. சுத்தியலை வரைந்த இடத்தில் அதனைக் கருவி எனக் கொள்வதா தொழில் எனக் கொள்வதா என்ற ஐயம் மீண்டும் எழுகிறது. சொல்லின் ஆகுபெயர் மயக்கத்தை நீக்க வந்த படம் தானே ஆகுபெயராக நிற்கிறது.

புனேயிலுள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இதனை விளக்கத் தகுந்த களம். தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990) இளமையில் இறந்த தம் மகனின் நினைவாக அமைத்த அச்சேகரிப்பு, 1975இல் மகாராட்டிர அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அரண்மனைப் பொருள்களினும் மிகுதியாக அன்றாட வாழ்க்கைப் பொருள்களே அதன் சிறப்பு. அங்குள்ள விளக்குகளும் பாக்குவெட்டிகளும் பெயர் பெற்றவை. மராத்தியில் நின்றெரியும் விளக்கு ‘சமயீ’, மண்ணகல் ‘பணதீ’, தொங்கவிடப்படுவது ‘லாமண் திவா’, வழிபாட்டில் சுற்றிக் காட்டும் சிறுவிளக்கு ‘நிராஞ்சன்’. இவற்றுக்குத் தமிழில் முறையே குத்துவிளக்கு, அகல், தூக்குவிளக்கு, ஆரத்தி விளக்கு என்பன ஏறத்தாழ ஒத்துவரும். இந்நான்கின் முன்னும் ஒரே விளக்குப் படத்தை இட்டால், அப்படம் எந்த விளக்கின் வடிவில் அமைய வேண்டும்? சமயீ வடிவில் வரைந்தால் பணதீக்குப் பொருந்தாது. மேலைநாட்டு மேசைவிளக்கை வரைந்தால் எதற்கும் பொருந்தாது. மேலும், ‘நிராஞ்சன்’ எனும் சொல்லின் வகை உருவத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வழிபாட்டுப் பயன்பாடே அதனைப் பிற சிறுவிளக்குகளிலிருந்து பிரிக்கிறது. பயன்பாடு படத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை.

ஆகவே இவ்வுருக்குறிகள் பெரும்பான்மையும் மரபுக்குறிகளே எனக் கொள்ளல் வேண்டும். மரபுக்குறியாதல் குறையன்று, எழுத்தும் மரபுக்குறியே. ஆயின் மரபுக்குறி பயனளிக்க வேண்டுமாயின், அதனைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் உரிய உடன்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். படம் தானே விளங்கும் எனும் நம்பிக்கையால் அவ்வுடன்பாடு எழுதப்படாமல் விடப்படுவதே உண்மையான குறை.

3. மரபில் வகைக்குறிகள்

சொல்லின் வகையைக் குறியால் காட்டுதல் கணிப்பொறி தந்த புதுமையன்று. சுமேரிய ஆப்பெழுத்தில் மரத்தாலான பொருள்களின் பெயருக்கு முன் மரத்தைக் குறிக்கும் குறியும், தெய்வப் பெயருக்கு முன் விண்மீன் வடிவக் குறியும் எழுதப்பட்டன. எகிப்திய எழுத்தில் இயங்குதலைக் குறிக்கும் சொற்களின் இறுதியில் நடக்கும் கால்களின் வடிவம் இடப்பட்டது. இவை ஒலிக்கப்படாதவை, வகையை மட்டும் உணர்த்துபவை. சீன எழுத்தில் மரபகராதிகள் கொண்ட 214 பகுதிக் குறிகளுள் பல இன்றும் மரம், உலோகம், நீர் எனும் பொருண்மைப் புலங்களைக் காட்டுகின்றன. இக்குறிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. அவை சொல்லின் எழுத்துவடிவோடு பிரிக்கவொண்ணாது கலந்தவை. ஒரு களிமண் பலகையைப் படியெடுத்தவன் வகைக்குறியையும் படியெடுத்தான்.

தமிழ்மரபு இருவகைத் தீர்வுகளைக் கண்டது. ஒன்று நிகண்டு. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரு தொகுதிகளாக அமைந்தது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கைவடிவம், பண்பு, செயல், ஒலி ஆகியவற்றின் பெயர்கள் முதற் பத்துத் தொகுதிகள். பதினோராவது ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி; பன்னிரண்டாவது பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த்தொகுதி. செயற்கைவடிவம், பண்பு, செயல் எனும் பிரிவுகளை மேலே கூறிய ஆங்கிலச் சொற்களஞ்சியத்தின் பொருள், புறப்பண்பு, செயல் எனும் முகங்களோடு ஒப்பிடலாம். பல பொருள் தரும் சொற்களைத் தனித் தொகுதியாகப் பிரித்து எதுகை வரிசையில் வைத்தமை, வகை மயக்கத்தை நிகண்டாசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டும். ஆயின் நிகண்டில் வகை என்பது சொல்லின் இருப்பிடத்தால் உணரப்படுவது. தொகுதியிலிருந்து பிரித்தெடுத்த சொல் தன் வகையை உடன்கொண்டு வாராது.

மற்றொன்று கணக்கெழுத்து மரபு. ஓலைகளிலும் கணக்கேடுகளிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ எனும் குறிகள் வழங்கின. ஓர் எண் நாளைக் குறிப்பதா மாதத்தைக் குறிப்பதா, அத்தொகை பற்றா வரவா என்பதை இவை ஐயமின்றி உணர்த்தின. எண்ணின் அருகிலேயே, எண்ணை எழுதிய அதே எழுத்தாணியால் எழுதப்பட்டன. வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லாகவே ஒலிக்கப்பட்டன. கணக்கை மறுபடி எழுதியவர் குறியை விட்டுவிட்டால் கணக்கே பிழையாகும். இக்குறிகள் 2003இல் வெளிவந்த யூனிகோடின் நான்காம் பதிப்பில் தமிழெழுத்துத் தொகுதிக்குள் இடம்பெற்றன. அவற்றைப் படங்களாகக் கொள்ளாது எழுத்துகளாகக் கொண்டமையின், இன்று ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு அவை சிதையாமல் செல்கின்றன.

இம்மரபின் அறிவுத் தொடர்ச்சி எனக் கருதத்தக்கது சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை. 1933இல் முதற்பதிப்பு வெளிவந்த அம்முறை நூல்களின் பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் எனும் ஐந்து அடிப்படை வகைகளால் பகுத்தது. பிற்பதிப்புகளில் இவ்வகைகளை வேறுபடுத்த அரங்கநாதன் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகளைக் கையாண்டார். அக்குறி வகுப்பெண்ணின் உறுப்பு. நூலின் முதுகிலும் அட்டவணைச் சீட்டிலும் அடுக்கின் வரிசையிலும் அது மாறாது நிற்கும். படம் வரைந்திருப்பின் அவர் முறை ஒரு நூலகத்தின் சுவரைத் தாண்டியிராது எனலாம்.

4. புனே தரும் படிப்பினை

வகைக்குறியைச் சொல்லுக்கு வெளியே வைத்தால் விளையும் இடரினைப் புனே ஏற்கெனவே கண்டுள்ளது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஐ.எஸ். 13194 என வெளியிட்ட இஸ்கி எனும் எழுத்துக் குறியீட்டுத் தரத்தின் உருவாக்கத்திலும் பரப்பலிலும் சி-டாக்கின் ஜிஸ்ட் குழுவுக்குப் பெரும்பங்குண்டு. பிராமி வழிவந்த இந்திய எழுத்துகளின் பொது அமைப்பை உணர்ந்து செய்யப்பட்ட அத்தரம் மொழியியல் நோக்கில் பாராட்டத்தக்கது. தேவநாகரியின் ககரத்துக்கும் தமிழின் ககரத்துக்கும் அதில் ஒரே குறியெண். எவ்வெழுத்துமுறையில் காட்ட வேண்டும் என்பதனை, இயல்புக்குறி எனப்படும் தனிக் குறியெண் ஒன்றும் அதனைத் தொடரும் மற்றொரு குறியெண்ணும் அறிவித்தன. இதனால் ஒரு மொழியின் பெயர்ப்பட்டியலை மற்றொரு மொழியின் எழுத்தில் உடனே காண முடிந்தது. அஃது அரிய வசதி.

அவ்வசதியே இடரும் ஆயிற்று. இயல்புக்குறியை அறியாத நிரலிகளின் வழியே ஒரு கோப்பு செல்லும்போதோ ஒரு தொடரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும்போதோ, அக்குறி விடுபட்டால் மராத்திச் சொல் தமிழெழுத்திலும் தமிழ்ச்சொல் தேவநாகரியிலும் தோன்றக்கூடும். சொல்லின் ஒலிகள் எஞ்சும். அஃது எம்மொழிக்குரியது என்ற செய்தி மறையும். 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோடு முறையோ ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனித்தனி எண்பரப்பினை ஒதுக்கியது. எழுத்துமுறை பற்றிய செய்தி ஒவ்வோர் எழுத்தின் எண்ணிலேயே அடங்கிவிட்டமையால் அதனை இழத்தல் இயலாதாயிற்று. பின்னர் யூனிகோடே நிலைபெற்றது. அதற்குக் காரணங்கள் பல. இஃதும் அவற்றுள் ஒன்று.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் அதே நகரில் உண்டு. வரலாற்று முறையிலான சமற்கிருதக் கலைக்களஞ்சிய அகராதிக்காக, புனே தக்காணக் கல்லூரியில் எஸ். எம். காத்ரேயின் தலைமையில் 1948இல் பணி தொடங்கியது. ஏறத்தாழ 1500 நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட, ஒரு கோடி அளவிலான சொற்சீட்டுகள் அங்குத் திரட்டப்பட்டன. முதற்பகுதி 1976இல் அச்சாயிற்று. சீட்டு ஒவ்வொன்றும் சொல்லையும் அஃது எடுக்கப்பட்ட இடத்தையும் தன்மேல் தாங்கியது. இழுப்பறை மாறினும் மேசை மாறினும், தான் எங்கிருந்து வந்தது என்பதைச் சீட்டே கூறும். கணிப்பொறிக்கு முற்பட்ட இத்தாள்முறை, தரவு தன்னைத்தானே விளக்கும் இயல்பில் இன்றைய திரைகள் சிலவற்றினும் மேம்பட்டது.

5. மொழிபெயர்ப்பாளர் நிலை

உருக்குறியின் குறைபாடு பதிவாளரைவிட மொழிபெயர்ப்பாளரையே மிகுதியாகத் தாக்கும். அவர் தரவுத்தளத் திரையைக் காண்பதில்லை. அதிலிருந்து எடுத்துத் தரப்பட்ட சொற்பட்டியலையே பெறுகிறார். அப்பட்டியலில் சொல்லும் அடையாள எண்ணும் இருக்கும். படம் பெரும்பாலும் இராது.

மராத்திச் சொற்பட்டியல் ஒன்று தமிழாக்கத்துக்கு வருகிறது எனக் கொள்வோம். அதில் ‘முத்ரா’ எனும் சொல் நான்கு இடங்களில் உள்ளது. திரையில் அந்நான்கின் முன்னும் நான்கு வெவ்வேறு படங்கள் இருந்தன. ஆகவே பட்டியலை ஆக்கியவர் விளக்க அடை தேவையில்லை என விட்டுவிட்டார். தாளில் நான்கும் ஒன்றுபோல் நிற்கின்றன. மராத்தியில் அச்சொல் அரசு இலச்சினை, நாணயம், முகக்குறிப்பு, கைகளால் காட்டும் நிலை ஆகியவற்றைக் குறிக்க வல்லது. தமிழில் நாணயத்துக்கு முத்திரை எனும் சொல் பொருந்தாது, முகக்குறிப்புக்கும் பொருந்தாது. மொழிபெயர்ப்பாளர் நான்கிடத்தும் ‘முத்திரை’ என எழுதிவிட்டால், வடிவ ஒற்றுமை பிழையை மறைத்துவிடும். அவ்வாறே ‘கோரீவ் காம்’ என்பது செதுக்கும் தொழிலா செதுக்கப்பட்ட பொருளா என்பது தெரியாமல் ‘செதுக்கு வேலை’ என்றோ ‘செதுக்குச் சிற்பம்’ என்றோ எழுத இயலாது.

இத்தகைய பிழை ஒரு கட்டுரையில் நேர்ந்தால் அக்கட்டுரையோடு நிற்கும். கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியலில் நேர்ந்தால், அச்சொல் இணைக்கப்பட்ட பதிவுகள் அனைத்தையும் பற்றும். காசு தேடும் தமிழ் ஆய்வாளருக்கு முத்திரை மோதிரங்கள் கிடைக்கும், காசுகள் கிடைக்கா. தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை நிலவிய மராட்டியர் ஆட்சியின் மோடி எழுத்து ஆவணங்கள் சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்படுவதை எண்ணினால், மராத்தி–தமிழ்ச் சொற்பட்டியலின் தேவை ஏட்டளவினதன்று என்பது புலப்படும். அவ்வாட்சியின் பொருள்களும் ஆவணங்களும் இரு மொழிகளிலும் தேடப்படுவன.

பார்வைக் குறைபாடு உடையோர் நிலையும் இதனோடு ஒத்ததே. திரையைப் படித்துக் கூறும் நிரலி சொல்லைப் படிக்கும். படத்துக்கு மாற்றுச்சொல் எழுதப்படாதவிடத்து வாளா கடந்துவிடும். நிறத்தால் மட்டும் வேறுபடும் குறிகள் நிறக்குருடு உடையோர்க்குப் பயன்படா. கறுப்பு வெள்ளை அச்சிலும் வேறுபாடு அழியும்.

6. இருவகை வகைமைகளின் கலப்பு

மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. உருக்குறிகள் இருவேறு செய்திகளை ஒரே இடத்தில் கூற முற்படுகின்றன. ஒரு சொல் மூலப்பொருளா, செயலா, பொருளா என்பது கருத்தின் வகை. அது பதிவுக்குரிய சொல்லா, வழிகாட்டுத் தலைப்பா, இன்னும் ஏற்கப்படாத பரிந்துரையா என்பது சொல்லின் தகுதிநிலை. முன்னது உலகைப் பற்றியது. பின்னது பட்டியலைப் பற்றியது. மூலப்பொருளுக்கு ஒரு படமும் வழிகாட்டுத் தலைப்புக்கு மற்றொரு படமும் எனப் பட்டியலிட்டால், மூலப்பொருள் முகத்தில் வரும் வழிகாட்டுத் தலைப்புக்கு எப்படத்தை இடுவது? ஏதேனும் ஒன்றினை இட்டால் மற்றொரு செய்தி இழக்கப்படும். சொற்களஞ்சியங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 25964 (முதற்பகுதி 2011, இரண்டாம் பகுதி 2013) கருத்தினையும் அதனைக் குறிக்கும் சொல்லையும் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்துக் காண்கிறது. அப்பிரிப்பினை ஏற்றால் இக்கலப்பு நேராது.

உருக்குறி சிறப்பாகப் பயன்படும் இடம் தகுதிநிலையைக் காட்டும் இடமே. கிளைவிரித்துக் காட்டப்படும் நீண்ட பட்டியலில், பதிவுக்கு எடுக்கலாகாத தலைப்புகளை ஒரு சிறு குறியால் வேறுபடுத்தினால் பதிவாளர் ஒரு பார்வையில் விலகிச் செல்வார். அங்குக் குறியின் எண்ணிக்கை இரண்டு அல்லது மூன்று, உடன்பாடு எளிது, படத்துக்கு ஒப்புமை தேவையில்லை. பன்மொழிப் பணியாளர் கூடும் இந்திய அருங்காட்சியகத்தில், மராத்தி அறிந்தவருக்கும் தமிழ் அறிந்தவருக்கும் பொதுவான இக்குறி உண்மையான வசதியாகும். இதனை மறுத்தல் நேர்மையன்று.

7. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வகை என்பது தனிப் புலத்தில் சொல்லாகவோ குறியெண்ணாகவோ பதியப்பெறல் வேண்டும். உருக்குறி அப்புலத்திலிருந்து திரையில் தோற்றுவிக்கப்படுவதாக மட்டும் அமைதல் வேண்டும். படத்தை நீக்கினும் வகை அழியாது.

இரண்டாவது, ஒரே வடிவுடைய சொற்கள் வரும்போது உருக்குறி இருப்பினும் விளக்க அடை கட்டாயமாக எழுதப்பெறல் வேண்டும். ‘வார்ப்பு (செய்முறை)’, ‘வார்ப்பு (பொருள்)’ என்பன எவ்வூருக்குச் செல்லினும் விளங்கும்.

மூன்றாவது, கருத்தின் வகைக்கும் சொல்லின் தகுதிநிலைக்கும் ஒரே குறித்தொகுதியைப் பயன்படுத்தலாகாது.

நான்காவது, தமிழ்ப் பட்டியல்களுக்கு வகைப்பெயர்களைப் புதிதாக ஆக்கவோ மொழிபெயர்க்கவோ பெரிதும் வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்திய நன்னூல் மரபு கைவசம் உள்ளது. இவற்றுள் சினை எனும் வகை, பொருளின் உறுப்புகளைத் தனித்துக் குறிக்க வேண்டிய அருங்காட்சியகத்துக்கு மிகவும் பயன்படும்: விளக்கின் தண்டு, தட்டு, முகம் ஆகியன சினைப்பெயர்கள். மூலப்பொருள், பாணி, செய்வோர் எனும் மூன்றினைச் சேர்த்தால் தேவையின் பெரும்பகுதி நிறைவுறும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) பெயர், வினை முதலிய சொல்வகைகளைப் ‘பெ.’, ‘வி.’ எனும் எழுத்துச் சுருக்கங்களால் காட்டுவதுபோல், இவ்வகைகளையும் எழுத்துச் சுருக்கங்களால் காட்டலாம். எழுத்துச் சுருக்கம் தட்டச்சிடத்தக்கது; தேடத்தக்கது; வரிசைப்படுத்தத்தக்கது; படித்துக் காட்டத்தக்கது. படத்துக்கு இந்நான்கும் இயல்பாக இல்லை.

ஐந்தாவது, உருக்குறிகளைப் பயன்படுத்தும் நிறுவனம், ஒவ்வொரு குறியின் பொருளையும் அக்குறி வரும் இடத்தையும் விளக்கும் பட்டியலைத் தரவுத்தளத்தின் பகுதியாகவே வைத்தல் வேண்டும். குறியைத் தெரிவு செய்த அலுவலர் மாறிச் சென்ற பின்னரும் அது விளங்க வேண்டும்.

8. முடிவுரை

வகைக்குறி இடுதல் பழைய கலை. சுமேரிய எழுத்தரும் தமிழ்க் கணக்கரும் அரங்கநாதனும் அதனைக் கையாண்டனர். அவர்கள் குறிகள் நிலைத்தமைக்கு அவற்றின் அழகு காரணமன்று; சொல்லும் எண்ணும் சென்ற இடமெல்லாம் குறியும் சென்றமையே காரணம். இன்றைய உருக்குறியோ, அதனைத் தாங்கும் திரைக்குரியது. வகையினைச் சொல்லால் எழுதிவைத்த பட்டியலுக்கு அது நல்ல துணை; எழுதாமல் விட்ட பட்டியலுக்கு அது குறையை மறைக்கும் திரை. ஓர் எளிய சோதனை இவ்விரண்டையும் வேறுபடுத்தும்: பட்டியலைப் படங்களின்றி ஒரு தாளில் அச்சிட்டு, அந்நிறுவனத்தைக் காணாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் தருதல் வேண்டும். அவர் ‘முத்ரா’வின் நான்கு பொருளையும் நான்கு தமிழ்ச் சொற்களால் எழுத முடியுமாயின், உருக்குறிகளைத் தடையின்றி இடலாம். முடியாதாயின், திருத்த வேண்டுவது படங்களையன்று, பட்டியலையே.